குளிர் நாட்டுக்குப் போன தோழிக்கு நான் கொடுத்த தோட்டப் பரிசுகள்

குளிர் நாட்டுக்குக் குடிபோகப் போகிறோம் என்று என் தோழி சொன்னபோது, அவர்கள் கிளம்ப மூன்று வாரம்தான் இருந்தது. ஆறு வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். இரண்டு மொட்டை மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நாற்று அதிகமானால் சுவரைத் தாண்டும், பூச்சி வந்தால் அதுவும் தாண்டும். அவளுடைய கணவர்தான் இரண்டு மாடிக்கும் கொடி ஏற்றுகிற பந்தல் கட்டினார். அப்படிப்பட்டவர்கள் போகும்போது தோட்டத்தை நினைவுபடுத்துகிற மாதிரி ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஒரே தவிப்பு. யாரிடமும் விசாரிக்கவில்லை, அவர்களிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆச்சரியம் போய்விடும் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புக்கு நான் கொடுத்த விலை, கொரியர் செலவோடு சேர்த்து, என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

என்னென்ன கொடுத்தேன் என்றால், நானே ஒட்டுக் கட்டி ஒன்றரை வருடம் வளர்த்த எலுமிச்சைச் செடி ஒன்று. எங்கள் மாடியில் எடுத்த விதைகள் ஒன்பது பொட்டலம், பழைய தாளில் மடித்துப் பெயர்கூட எழுதாமல். கையால் வனைந்த பெரிய சுடுமண் தொட்டிகள் நான்கு, இவற்றைத் தனியாகக் கொரியரில் அனுப்பினேன். குளிரில் விதை முளைக்காதே என்று யோசித்து, நாற்றுத் தட்டுக்கு அடியில் வைக்கிற மின்சாரச் சூடேற்றி விரிப்பு ஒன்று. வாங்கும்போது ஒவ்வொன்றும் மிகச் சரியான பரிசாகத்தான் தெரிந்தது. செடியை அவள் கையில் கொடுத்தபோது அவள் அழுதாள், நானும் அழுதேன்.

போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தது. எலுமிச்சை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கு" என்றாள். அடுத்த மாதமும் அதே பதில். படம் அனுப்பு என்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. புது ஊர், புது ஆட்கள், நம் செடி இனி எதற்கு என்று ஆகிவிட்டதோ என்று தப்பாகக்கூட நினைத்தேன். ஆகஸ்ட்டில் போனவர்கள். ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி நானே நேராகக் கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள்: "ஏர்போர்ட்லயே எடுத்துட்டாங்கடி. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நீண்ட பயணம் முடிந்து, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுங்க வரிசையில் நின்றிருக்கிறாள். படிவத்தில் செடி, விதை இருக்கிறதா என்று கேட்டதற்கு இருக்கிறது என்று உண்மையை எழுதியிருக்கிறாள். அதனால்தான் அபராதம் இல்லாமல் தப்பித்தார்கள். செடி, அதோடு இருந்த மண், ஒன்பது பொட்டலம் விதை எல்லாவற்றையும் ஓர் அதிகாரி பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போய்விட்டார். அழிக்கத்தான் எடுத்துப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். அதை என்னிடம் சொல்ல முடியாமல் எட்டு மாதம் பொய் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். என் பரிசு அவளுக்குக் கொடுத்தது இந்தப் பாரத்தைத்தான். பணம் போனதைவிட இதுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது.

அந்த அதிகாரி மேல் முதலில் கோபம் வந்தது. பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் நியாயம் புரிந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களுக்குப் பச்சையாதல் நோய் என்று ஒன்று வருகிறது. சிறு பூச்சி ஒன்று பரப்புகிற பாக்டீரியா நோய், வந்த மரத்தைக் குணப்படுத்த வழி இல்லை. பார்க்க நன்றாகவே இருக்கும் செடிக்குள்ளும் அது இருக்கலாம். ஒரு செடியால் ஒரு வட்டாரத்துத் தோப்பே போகலாம் என்பதால் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் வெளியிலிருந்து வரும் இந்த வகைச் செடிகளை விடுவதில்லை. மண் அதைவிடக் கண்டிப்பு. புழு, பூஞ்சை, களை விதை எது வேண்டுமானாலும் ஒரு பிடி மண்ணில் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நடுவதற்கான எந்தச் செடியும், விதையும்கூட, பூச்சியோ நோயோ இல்லை என்று அரசு கொடுக்கிற தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பயணப் பெட்டியில் போகக் கூடாது என்பது 2019 டிசம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிற விதி. அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாத சிறு அளவு விதைக்குத் தனி அனுமதி ஒன்று உண்டு. அதை அங்கே இருப்பவர் முன்கூட்டியே வாங்க வேண்டும், ஒரு பொட்டலத்தில் ஒரே வகையில் 50 விதை அல்லது 10 கிராம்தான், மேலே தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். என் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்த்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: விமானம் ஏறப் போகிறவர் கையில் உயிருள்ள எதையும் கொடுக்காதீர்கள். விதிகளைத் தேடிப் படித்து, சான்றிதழ் வாங்கி, எல்லாம் சரியாகச் செய்ய முடியும்தான். ஆனால் வீட்டைக் காலி செய்துகொண்டு, பெட்டி கட்டிக்கொண்டு, ஆயிரம் வேலையில் இருப்பவர்கள் தலையில் அந்த அலைச்சலையும் ஏற்றக் கூடாது. உள்நாட்டிலேயே குளிரான ஊருக்குப் போகிறவர்கள் என்றாலும் மூட்டை முடிச்சு வண்டிக்குள் இரண்டு மூன்று நாள் இருட்டில் கிடந்து செடி பாதி உயிரோடுதான் போய்ச் சேரும்.

அந்த ராத்திரியே தொட்டிகளைப் பற்றியும் சொன்னாள். நான்கில் மூன்று பனிக்காலத்திலேயே பிளந்துவிட்டன. தொட்டி விலையைவிட அதை அனுப்பிய கூலி மூன்று மடங்கு. சுடுமண் தண்ணீரை உறிஞ்சும், எங்கள் வெயிலில் அதுவே அதன் நல்ல குணம், வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் ஏறத்தாழ 9 சதவீதம் பருமனில் கூடுகிறது. சுடுமண்ணின் நுண்துளைக்குள் இருக்கிற தண்ணீர் அப்படி விரிந்தால் தொட்டி தாங்காது. முதலில் ஓடு ஓடாக உதிரும், பிறகு ஒரு நாள் இரண்டாகப் பிளக்கும். மிக அதிகச் சூட்டில் சுட்டு, உறைபனி தாங்கும் என்று குறித்து விற்கிற தொட்டிகள் அங்கேயே கிடைக்கின்றன. தடித்த துணித் தொட்டி இன்னும் நல்லது, உடையாது, மடித்து வைக்கலாம், எடையே இல்லை. தப்பிய நான்காவது தொட்டி வீட்டுக்குள் இருந்ததால் தப்பியது. சுடுமண்தான் கொடுப்பேன் என்றால் வீட்டுக்குள் வைக்கிற சின்னதாகக் கொடுங்கள்.

சூடேற்றி விரிப்பு கதை சுருக்கம். நான் வாங்கியது 230 வோல்ட்டுக்கு. அவர்கள் வீட்டில் வருவது 120. பிளக்கை மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், தொட்டால் சூடே தெரியவில்லை. மின்னழுத்தம் பாதியானால் இந்த மாதிரிப் பொருளில் சூடு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். 20 வாட் விரிப்பு 5 வாட்டில் என்ன செய்யும்? தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 120 வோல்ட் விரிப்பை 230 வோல்ட்டில் சொருகியிருந்தால், ஏறத்தாழ நாலு மடங்கு சூடாகித் தீப்பிடித்திருக்கலாம். மின்சாரத்தில் ஓடுகிற எதையும், வளர்ப்பு விளக்கானாலும் சரி, அவர்கள் போய் இறங்குகிற நாட்டிலேயே வாங்கச் செய்யுங்கள்.

இவ்வளவு நடந்த பிறகாவது நான் நிதானித்திருக்க வேண்டும். போன பரிசுக்கு ஈடு செய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அந்த ஜூன் மாதமே அடுத்த தப்பைச் செய்தேன். அவர்கள் ஊருக்கு அனுப்புகிற ஒரு நர்சரியில் இணையம் வழியாக நீல ஹைட்ரேஞ்சியா பூச்செடி ஒன்று வாங்கி அனுப்பினேன். பூவோடு வந்து இறங்கியது. அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று சொல்லி முடியாது. வாசல் ஓரம் நட்டாள். அடுத்த கோடையில் இலை மட்டும். அதற்கடுத்த கோடையிலும் இலை மட்டும். தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவள் குமைந்துகொண்டிருந்தாள். விஷயம் என்னவென்றால், அந்தப் பெரிய இலை ஹைட்ரேஞ்சியா அடுத்த வருடப் பூ மொட்டை முந்தைய கோடை முடிவிலேயே பழைய தண்டில் கட்டி வைத்துவிடுகிறது. கடுங்குளிரில் வேர் பிழைக்கும், அந்த மொட்டுகள் கருகிவிடும். வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும், பூக்காது. அதே குடும்பத்தில் கூம்புக் கொத்தாகப் பூக்கிற வகை ஒன்று உண்டு. அது புதிதாக வளரும் தண்டில் பூப்பதால் கடுங்குளிருக்குப் பிறகும் பூத்துவிடும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

இந்த இடத்தில்தான் குளிர் மண்டலம் என்ற விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது, 2023-இல்கூடத் திருத்தி வெளியிட்டார்கள். ஓர் ஊரில் வருடத்தின் மிகக் குளிரான ராத்திரி சராசரியாக எவ்வளவு கீழே போகும் என்பதை வைத்து 13 மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். எண் சிறிதானால் குளிர் அதிகம். 5-ஆம் மண்டலம் என்றால் மைனஸ் 23 முதல் மைனஸ் 29 டிகிரி செல்சியஸ் வரை. பிரிட்டனில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் அளவு வேறு, H1-இலிருந்து H7 வரை, அங்கே எண் பெரிதானால்தான் குளிர் தாங்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நேர் எதிரான செடியை வாங்குவீர்கள். நர்சரிச் சீட்டில் போட்டிருக்கிற மண்டல எண் தரையில் நடுவதற்கான கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். தொட்டியில் வேரைச் சுற்றிலும் குளிர் தாக்கும். அதனால் தொட்டியில் வெளியிலேயே விடப்போகிற செடி, அவர்கள் ஊர் மண்டலத்தைவிட இரண்டு மண்டலம் அதிகக் குளிர் தாங்குகிறதாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள தோட்டக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு.

குளிர் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இன்னொரு பாடம் அவரைக் கொடியால் வந்தது. அங்கேயே ஒருவர் கொடுத்த நம் ஊர் ரக விதையைப் போட்டிருந்தாள். கோடையில் கொடி கூரை வரை ஏறிவிட்டது, இலை இலையாக. ஜூலை போச்சு, ஆகஸ்ட் போச்சு, ஒரு பூ இல்லை. போனில் நான் எங்கள் மாடி அனுபவத்தில் எருவைக் கூட்டு, நுனியைக் கிள்ளு என்று ஏதேதோ சொன்னேன். செப்டம்பர் கடைசியில் பூ எடுத்தது, இரண்டு வாரத்தில் உறைபனி விழுந்து ஒரே ராத்திரியில் கொடி முழுதும் வெந்த மாதிரி கருகித் தொங்கியது. அவரையில் பல ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். வடக்கே போகப் போகக் கோடைப் பகல் 15, 16 மணி நேரம்கூட இருக்கும், அது குறுகுவதற்குள் பனி வந்துவிடுகிறது. வெங்காயத்திலும் இப்படித்தான். வெப்ப நாட்டு ரகம் 12 மணி நேரப் பகலிலேயே கிழங்கு கட்டத் தொடங்குவதால் அங்கே இலை வளரும் முன்னரே சுண்டைக்காய் அளவில் நின்றுவிடும், அங்கத்திய ரகத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். ஆக, நம்முடைய நல்ல விதை என்பது நம்முடைய வெயிலுக்கும் நம்முடைய பகலுக்கும் நல்ல விதை. அன்பாகக் கொடுத்தாலும் அங்கே அது ஒரு கோடையையே வீணாக்கலாம். அங்கே கோடை வருடத்துக்கு ஒன்றுதான்.

மூன்றாவது தடவை எதையும் வாங்குவதற்கு முன்னால் கேட்டேன். ஒரு மணி நேரம் போனில் உட்கார்ந்து கேட்டேன். வாடகை வீடா, தோண்ட உரிமையாளர் விடுவாரா, எந்தத் திசையில் ஜன்னல், வெளியே குழாய் இருக்கிறதா, வசந்தத்தில் கடைசி உறைபனி எப்போது, இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி எப்போது. அந்த இரண்டு தேதிக்கும் நடுவே அவர்களுக்குக் கிடைப்பது சுமார் 150 நாள். வருடம் பூராவும் ஏதாவது போட்டுக்கொண்டே இருந்தவளுக்கு ஐந்து மாதம்! அப்போதுதான் அவளுக்கு என்ன குறைகிறது என்று எனக்குப் புரிந்தது. செடி கிடைக்காமல் இல்லை, தெருவுக்கு ஒரு நர்சரி இருக்கிறது. எப்போது எதைச் செய்வது என்ற கைப்பழக்கம் போய்விட்டது. பத்து வருடம் செடி வளர்த்தவள் மறுபடியும் ஒன்றும் தெரியாதவளாகி நிற்கிறாள், அந்த வெட்கத்தில் கேட்கவும் மாட்டேன் என்கிறாள். வீட்டில் பூனை வந்திருக்கிறது என்பதும் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. நான் லில்லிக் கிழங்கு அனுப்ப நினைத்துக்கொண்டிருந்தேன். லில்லியின் மகரந்தம் உடம்பில் ஒட்டி நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம் என்று பின்னால் படித்தபோது கை நடுங்கிவிட்டது.

அந்தப் பிப்ரவரியில் அனுப்பியவை எல்லாம் சின்னச் சின்னப் பொருட்கள், எல்லாம் அவர்கள் நாட்டிலேயே வாங்கியவை. முதலாவது, மண்ணில் குத்திப் பார்க்கிற வெப்பமானி. நான் கொடுத்ததிலேயே விலை குறைந்தது அதுதான், அதிகம் உழைத்ததும் அதுதான். வெளியே வெயில் அடிக்கிறது என்று நம்பி விதை போட்டு அழுகிப் போவது புதிதாகப் போகிறவர்கள் எல்லாருக்கும் நடக்கிறது. பட்டாணி 5 டிகிரி மண்ணிலேயே முளைத்துவிடும், பீன்ஸுக்கு 15-க்கு மேல் வேண்டும், வெண்டைக்கு 20 தொட்டால் நல்லது. வானத்தைப் பார்க்காமல் மண்ணைக் கேட்டுப் போடலாம். அடுத்து, செடி மேல் போர்த்துகிற மெல்லிய வெள்ளைத் துணி ஒரு சுருள். இரண்டு மூன்று டிகிரி காப்பாற்றும், அந்த இரண்டு டிகிரியில்தான் முன்னால் இரண்டு வாரமும் பின்னால் இரண்டு வாரமும் கூடக் கிடைக்கிறது. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நர்சரி ஒன்றின் பரிசுச் சீட்டும் வைத்தேன். பணமாகக் கொடுத்த மாதிரி இருக்குமோ என்று எனக்குத் தயக்கம்தான். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போன அன்று அவள் அங்கே வேலை செய்கிற ஒரு பெரியம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாள், அந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் தோட்டச் சிநேகிதம் அது. நேரமும் முக்கியம். கிளம்பும்போது கொடுப்பதைவிட, முதல் பனிக்காலத்தின் கடைசியில், எல்லாம் வெள்ளையாகவும் சாம்பலாகவும் கிடந்து மனசு சோர்ந்திருக்கும்போது வந்து சேர்கிற பரிசுக்குத் தனி மதிப்பு.

பனிக்காலத்துக்கே ஏதாவது அனுப்ப வேண்டும் என்றால், வீட்டுக்குள் பூக்கிற அமரில்லிஸ் கிழங்கு நல்லது, நட்டு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூத்துவிடும். பூனை இருக்கிற வீட்டில் அதுவும் வேண்டாம், அதனால் அவளுக்கு நான் அனுப்பவில்லை. துலிப் கிழங்கை இலையுதிர் காலத்தில் வெளியே நடச் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குப் பூக்க மூன்று நாலு மாதக் குளிர் வேண்டும், இங்கே எங்களால் வளர்க்க முடியாதது அங்கே தானாக வளர்கிறது. பூண்டும் அப்படித்தான். அக்டோபரில் பல்லை ஊன்றினால் பனிக்கடியில் கிடந்து, அந்தக் குளிர்பட்டுத்தான் அடுத்த கோடையில் நன்றாகப் பல் பிரிகிறது. குளிர் அவர்களிடமிருந்து எடுத்ததையே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, குளிரால் மட்டுமே வருகிற ஒன்றை முதலில் தோண்டி எடுத்தபோது இருந்த குரலை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு நோட்டும் அனுப்பினேன். இது மட்டும் இங்கிருந்து போனது, தாள்தானே, யாரும் தடுக்கவில்லை. இடது பக்கம் எங்கள் மாடியில் அந்தந்த வாரம் நாங்கள் செய்துவந்ததை என் கையால் எழுதினேன், ஆறு வருட நினைவிலிருந்து. வலது பக்கத்தைக் காலியாக விட்டேன். அதில் அவள் அந்த ஊரின் தேதிகளை எழுதிக்கொண்டு வருகிறாள். முதல் உறைபனி, கடைசி உறைபனி, எந்தத் தக்காளி பழுத்தது, எது பச்சையாகவே நின்றது என்று. இரண்டு வருடத்தில் வலது பக்கம் நிறைந்துவிட்டது, பல இடத்தில் இடது பக்கத்தை அடித்துத் திருத்தியும் இருக்கிறாள்.

போன மார்ச்சில் ஒரு காலை அவளிடமிருந்து படம் வந்தது. ஓரத்தில் இன்னும் கரையாத பனி, நடுவில் கறுப்பு மண், அதில் குத்தி நிற்கிற வெப்பமானி, முள் 6-இல். கீழே ஒரு வரி: "பட்டாணி போடலாமா?" நான் அப்போது மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போடு என்று எழுதி அனுப்பினேன். "போட்டாச்சு, சும்மாதான் கேட்டேன்" என்று பதில் வந்தது.